ஒரு மணல் துகளுக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

நேயர்களுக்கு வணக்கம். கணினித் திரையில் மணலைக் கொட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், தீ வைக்கலாம், என்ன ஆகிறதென்று அப்போதே பார்க்கலாம். இப்படி ஒரு மென்பொருளை உருவாக்குவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 'தி பவுடர் டாய்' இந்த வகையில் புகழ்பெற்றது. இலவசம், அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அதன் களம் அகலத்தில் 612, உயரத்தில் 384 கட்டங்கள் கொண்டது. மொத்தம் 2,35,008. இதை நொடிக்கு 60 முறை கணக்கிட வேண்டும். ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் மணல் விழாது, தவழும். எனவே ஒவ்வொரு துகளும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்தே முடிவெடுத்தாக வேண்டும்.

மணலின் விதி இது: கீழே காலியாக இருந்தால் விழு. இல்லாவிட்டால் கீழ்மூலைகள் இரண்டில் எது காலியோ அங்கே சரி. இரண்டும் நிறைந்திருந்தால் நில். அவ்வளவுதான். குவியல் என்ற சொல்லே நிரலில் இருக்காது. ஆனால் கொட்டக் கொட்டக் குவியல் எழும்பும். எப்போதும் இடது மூலையை முதலில் பார்த்தால் மணல் ஒரு பக்கமாகவே சரியும். அதனால் எந்தப் பக்கம் முதலில் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

கட்டங்களைப் பார்க்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒரு துகள் ஒரு கட்டம் இறங்கியதும் அடுத்த வரிசையில் மறுபடி அகப்படும், மறுபடி இறங்கும். ஒரே நொடிப்பொழுதில் தரையில் கிடக்கும்! சரி, கீழிருந்து மேலாகப் பார்ப்போம் என்றால், நீராவிக்கு அதே கதி: கூரைக்குத் தாவிவிடும். நகர்ந்த துகளுக்கு 'இந்த முறை முடிந்தது' என்று ஒரு அடையாளம் இட்டால் இது தீரும்.

அடுத்து வேதியியல். நூறு பொருள்கள் இருந்தால், எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்ற அட்டவணையில் பத்தாயிரம் இடங்கள். யாராலும் அதை நிரப்பி முடியாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் குணங்களைக் கொடுக்கிறார்கள்: எடை, தீப்பற்றும் தன்மை, வெப்பம் கடத்தும் அளவு, எந்த வெப்பநிலையில் எதுவாக மாறும் என்பது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கத் தனி விதி வேண்டாம். கனமானது கீழே, லேசானது மேலே என்று இடம் மாறிக்கொண்டால் போதும். இடமாற்றத்தில் எதுவும் காணாமல் போவதில்லை என்பது எனக்கு மிகவும் முக்கியம். ஊற்றிய தண்ணீர் தானாகக் குறையும் உலகில் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

உப்பும் நீரும் உப்புநீர் ஆவது, ருபீடியம் என்ற உலோகம் நீர் பட்டதும் வெடிப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனியாக எழுதுகிறார்கள்.

காற்றழுத்தத்தைக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டால் கட்டுப்படியாகாது. பவுடர் டாயில் நான்குக்கு நான்கு கட்டங்களுக்கு ஒரே அழுத்தம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடுகிறது, நம் வீட்டு பிரஷர் குக்கரில் நடப்பதுபோலவே. அந்த ஒரு வரி நிரலைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

பின்லாந்தின் நொல்லா கேம்ஸ் 2020-இல் முழுமையாக வெளியிட்ட 'நொயிட்டா' விளையாட்டு இன்னொரு வழி காட்டுகிறது. உலகை 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, அசைவு உள்ள பகுதியை மட்டும் கணக்கிடுகிறது. பக்கத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் தொடாமல், சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுப்பதால், பிராசஸரின் பல கோர்களும், அதாவது தனித்தனியே கணக்கிடும் பகுதிகளும், மோதிக்கொள்ளாமல் வேலை செய்கின்றன.

இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலும் விடுபடுவது உள்ளுறை வெப்பம், அதாவது சூடு ஏறாமல் நிலை மாறுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம். அவற்றில் நீர் 100 டிகிரியை எட்டியதும் அப்படியே ஆவியாகிவிடும். உண்மையிலோ, 0-விலிருந்து 100 டிகிரி வரை சூடாக்குவதைவிட, அதே நீரை ஆவியாக்க ஐந்து மடங்குக்கும் அதிக வெப்பம் வேண்டும். நீங்கள் எழுதுவதானால் இதைச் சேர்த்துவிடுங்கள். இப்படிச் சேரும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளத் துகளுக்கு ஓர் எண் கூடுதலாக வைத்தால் போதும். பானையில் நீர் அடங்கி அடங்கிக் கொதிப்பதைத் திரையிலும் பார்க்கலாம். ஆனால் முதலில் மணல், நீர், சுவர் மூன்றும் ஒழுங்காக ஓடட்டும். வெப்பம் அதற்கு அப்புறம். நன்றி, வணக்கம்.