அபராதம் கட்டினால்தான் ஓட்டா?

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தண்டனை முடிந்து வெளியே வந்தவர்களுக்குப் பண நிபந்தனையில்லாமல் வாக்குரிமை வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "கொலைகாரனுக்குமா ஓட்டு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். அம்மா, 2018 நவம்பரில் அந்த மாநிலத்து மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய, தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் 'திருத்தம் 4' என்ற மாநில அரசியலமைப்புத் திருத்தத்தை ஒருமுறை படியுங்கள். கொலைக்கும் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்களுக்கு அதில் இடமே இல்லை. திருத்தம் நிறைவேற 60 சதவீத ஓட்டு வேண்டும். 64 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது என்றார்கள்.

அடுத்த வருடமே சட்டமன்றம் குறுக்கே வந்தது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாம். சகோதரியும் அதைத்தான் நியாயம் என்கிறார்.

சரி, கட்டட்டும். எவ்வளவு என்று யார் சொல்வது? அங்கே 67 கவுண்டிகள், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றிலும் தனி நீதிமன்ற அலுவலகம், தனிக் கணக்கு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்க ஒரு பதிவேடு இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய வழக்கென்றால் கேட்கவே வேண்டாம்! வசூலிக்க வேண்டிய அரசுக்கே கணக்குத் தெரியாத கடனை எப்படி ஐயா அடைப்பது? 2020 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதையெல்லாம் விசாரித்துத்தான், கட்ட வசதியில்லாதவரின் ஓட்டைப் பறிக்கக் கூடாது என்றார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்ததே என்பீர்கள். கவிழ்ந்தது, செப்டம்பரில், 6க்கு 4 என்று. நான்கு நீதிபதிகளுக்கு உறுத்தியிருக்கிறது, எங்கள் அணிக்கு உறுத்தக் கூடாதா?

இழப்பீட்டை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளத்தில் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள். வரி பாக்கி வைத்த பணக்காரர் ஓட்டுப் போடுகிறார். வாக்குச்சாவடியில் யாரும் ரசீது கேட்பதில்லை. தண்டனை முடித்து வந்தவரிடம் மட்டும் ஏன்?

இதில் இன்னொரு கூத்து. 2022 ஆகஸ்டில், உரிமையில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது நடவடிக்கை என்று ஆளுநர் டிசாண்டிஸ் அறிவித்தார். திருத்தத்தில் விலக்கப்பட்டவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததும் அரசு அலுவலகம்தானே! தகுதி யாருக்கு என்று அரசுக்கே பிடிபடவில்லை. படிப்பு குறைந்த ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும், தப்பினால் மறுபடி வழக்கு. கணக்குச் சுத்தமாக இருப்பவர்கூடப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட மாட்டாரா?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றே ஒன்று சொல்லட்டும். கையில் பணத்தோடு ஒருவர் வருகிறார். எந்தக் கவுண்டரில், எவ்வளவு கட்டினால் "இனி உனக்குப் பாக்கியில்லை, போய் ஓட்டுப் போடு" என்று எழுதிக் கொடுப்பார்கள்?