கேள்விக்கும் ஒரு பரீட்சை உண்டு

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பி.எட். படிக்கிற சிலர் ஐட்டம் அனாலிசிஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குக் கேள்வியைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்விக்கே ஒரு பரீட்சை வைக்கிறோம், அவ்வளவுதான்.

"பழுத்த மாம்பழம் என்ன நிறம்?" பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. விடை மஞ்சள் என்று குறித்து வைத்துக்கொண்டு, போச்சம்பள்ளிப் பக்கம் 100 பிள்ளைகளிடம் முன்னோட்டம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முழுத் தேர்வின் மொத்த மதிப்பெண்படி அடுக்கி, மேலே 27 பேர், கீழே 27 பேரை எடுக்கிறோம். ஏன் 27 சதவீதம்? இரண்டு குழுவும் நன்றாக விலகியிருக்க வேண்டும், ஆட்களும் குறையக் கூடாது. அதற்குத் தோதான அளவு இது என்று 1939இல் அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி கணக்குப் போட்டுக் காட்டினார்.

மேல் குழுவில் 9 பேர் சரி, கீழ்க் குழுவில் 18 பேர் சரி என்று வருகிறது. 54 பேரில் 27 பேர் சரி, கடினத்தன்மை, அதாவது சரியாகப் போட்டவர்களின் பங்கு, 0.50. அடடா, அளவான கேள்வி என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுவோம்! 9இல் 18ஐக் கழித்து 27ஆல் வகுங்கள்: மைனஸ் 0.33. இதுதான் பிரித்தறியும் திறன்: நன்றாகப் படிக்கிறவரையும் பின்தங்கியவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு. அது 0.30க்கு மேல் இருந்தால்தான் நல்ல கேள்வி என்பார்கள். இது தலைகீழாக நிற்கிறது. விவரமான பிள்ளைகள்தான் தவறவிடுகிறார்கள்.

காரணம் மாந்தோப்பில் இருக்கிறது. செந்தூரா பழுத்தால் செக்கச் செவேல் என்று இருக்கும். அதைப் பறித்துத் தின்ற பிள்ளை யோசித்துச் சிவப்பு என்று போட்டிருக்கும். அதற்கு மார்க் கிடையாதாம்!

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சிக்கல் வேறு. பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். மொத்த மதிப்பெண் சமமாக உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, நீளமான ஒரு வாக்கியக் கணக்கில் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சறுக்கினால், அந்தக் கேள்வி கணக்கோடு தமிழையும் சேர்த்துச் சோதிக்கிறதோ என்று பார்க்க வேண்டும்.

கேள்வியைத் திருத்துவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. 1905இல் பாரிசில் 30 சோதனைகளோடு அறிவுத்திறன் அளவுகோலைக் கொண்டுவந்த பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, 1908, 1911 என்று இரண்டு முறை அதைத் திருத்தினார். அமெரிக்க உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லரின் சிறுவர் அறிவுத்திறன் சோதனை 1949இல் வந்தது, 2014இல் ஐந்தாம் பதிப்பு.

அப்புறம், வகுப்பாசிரியர்களுக்கு ஒன்று. 40 பேர் வகுப்பில் ஒரு குழுவுக்கு 11 பேர்தான். ஒரே பிள்ளை மாற்றிப் போட்டாலும் பிரித்தறியும் திறன் 0.09 ஏறி இறங்கும். அதனால் எண்ணை மட்டும் பார்த்துக் கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள். மேல் குழு எந்தத் தவறான விடைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒருவருமே தொடாத விடை இருந்தால் அதை மாற்றுங்கள். நம் கறுப்பு மாம்பழம் அந்த ரகம்தான், இடத்தை அடைக்க வந்தது.