விட்டு வந்த ஊரே பெயரான கதை: யூதக் குடும்பப் பெயர்கள்

[திரையில்: ரைன் ஆற்றங்கரை நகரங்களின் வரைபடம்]

வணக்கம். ஷபிரோ, ஹால்பெர்ன், ஹோரோவிட்ஸ் ஆகிய யூதக் குடும்பப் பெயர்கள் மூன்றுமே ஊர்ப் பெயர்களின் திரிபுகள். ஜெர்மனியின் ஷ்பையர் நகரம் இடைக்காலத்தில் ஸ்பிரா என்றும் வழங்கியது. அதுவே ஷபிரோ ஆயிற்று. ஹைல்பிரான் ஹால்பெர்ன் ஆகவும், இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவின் ஹொர்ஷோவிட்சே ஹோரோவிட்ஸ் ஆகவும் மாறின.

இடைக்கால ஐரோப்பாவின் யூதர்களில் பெரும்பாலோர் தந்தையின் பெயரைச் சேர்த்து, 'இன்னார் மகன் இன்னார்' என்றே அறியப்பட்டார்கள். ஷ்பையரில் வாழ்ந்தவரை அங்கேயே 'ஷ்பையர்க்காரர்' என்று அழைத்துப் பயனில்லை. அவர் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே அதே பெயருடைய பலரோடு தொழுகைக் கூடத்தில் அமரும்போதுதான் அந்த அடைமொழி தேவைப்படுகிறது. ஆகவே இத்தகைய பெயர், குடும்பம் தங்கியிருந்த ஊரை அல்ல, விட்டு வந்த ஊரையே பெரும்பாலும் குறிக்கும்.

அவர்கள் ஊரை விட்டதற்கு வணிகமும் திருமணமும் மட்டும் காரணமல்ல. 1084-இல் ஷ்பையரின் ஆயர் யூதர்களை அழைத்துக் குடியமர்த்தினார். பன்னிரண்டே ஆண்டுகளில், முதல் சிலுவைப் போரின்போது, அதே நகரில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். 1496-இல் ஆஸ்திரியப் பகுதியான ஸ்டைரியாவிலிருந்து யூதர்களை வெளியேற்ற ஹாப்ஸ்பர்க் அரசர் மாக்சிமிலியன் ஆணையிட்டார். அங்குள்ள மார்பர்க் நகரத்தின் பெயர், இன்று ஸ்லோவேனியாவில் மரிபோர் எனப்படும் அந்த ஊரின் பெயர், இத்தாலிய நாவில் மொர்பூர்கோ என்னும் குடும்பப் பெயராக நிலைத்தது.

[திரையில்: சொன்சினோ அச்சகத்தின் எபிரேய நூல் பக்கம்]

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது சொன்சினோ குடும்பம். இவர்களின் முன்னோரும் ஷ்பையரில் வாழ்ந்தவர்களே. ஆயினும் இவர்கள் ஷபிரோ ஆகவில்லை. 1454-இல் மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்போர்சாவிடம் அனுமதி பெற்று, கிரெமோனாவுக்கு அருகிலுள்ள சொன்சினோ என்னும் சிற்றூரில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் நிறுவிய அச்சகத்தில்தான் 1488-இல் முழு எபிரேய வேதாகமம் முதன்முறையாக அச்சேறியது. பின்னர் அச்சு எழுத்துகளோடு இத்தாலியின் பல நகரங்களுக்கும், அதன்பின் தெசலோனிக்கிக்கும் கான்ஸ்டான்டினோபிளுக்கும் சென்ற அக்குடும்பத்து அச்சாளர் கெர்ஷோம், ஒட்டோமான் மண்ணில் அச்சிட்ட நூல்களிலும் தம்மைச் சொன்சினோ என்றே குறித்தார்.

பிறகு அரசுகள் குறுக்கிட்டன. வரி வசூலுக்கும் படைக்கு ஆள் சேர்க்கவும் நிலையான பெயர்கள் தேவைப்பட்டன. 1787-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப்பும், 1808-இல் நெப்போலியனும், 1812-இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் யூதர்கள் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார்கள். நெப்போலியனின் ஆணை நகரப் பெயர்களைப் புதிதாகச் சூட்டிக்கொள்ளத் தடை விதித்தது. எனினும், முன்பே தொடர்ந்து வழங்கிவந்த பெயர்களுக்கு விலக்கு அளித்தது. தடை விதிக்கும் அளவுக்கு அந்த வழக்கம் பரவியிருந்தது போலும். கட்டாயத்தின் பேரில் பதிவான பெயர்களும் கலந்திருப்பதால், ஊர்ப் பெயரைத் தாங்கியவர் எல்லோரும் அந்த ஊரின் வழிவந்தவர் என்று கொள்வது தவறு. ஷபிரோ என்ற பெயருடைய இருவர் உறவினராக இருக்க வேண்டியதும் இல்லை.

[திரையில்: கொங்கண் கடற்கரை]

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள், மராத்தி வழக்கப்படி ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக்கொண்டார்கள்: பென் ஊரார் பென்கர், கிஹிம் ஊரார் கெஹிம்கர், நவ்காவ் ஊரார் நவ்காவ்கர். கப்பல் உடைந்து தம் முன்னோர் கரையேறியது நவ்காவ் அருகே என்பது அவர்களுடைய மரபுக் கதை. எண்ணெய் ஆட்டும் தொழிலைச் செய்துவந்த இவர்கள் சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்திவிடுவதால், அண்டை அயலார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைத்தார்கள். அயலார் இட்ட அந்தப் பெயர் குடும்பப் பெயராகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் மும்பைக்கும், 1948-க்குப் பின் இஸ்ரேலுக்கும் அவர்களுடன் சென்றவை 'கர்' என்று முடியும் ஊர்ப் பெயர்களே.