இடம் ஒண்ணுதான்: கீழ் டிவிஷன் கோல்கீப்பரோட பொழப்பு

வணக்கம். ஒரு ஃபுட்பால் கிளப்ல ஸ்ட்ரைக்கர் மூணு பேர் இருந்தா, மூணு பேருக்கும் எப்படியாவது ஆட வாய்ப்பு வந்துரும். ஒருத்தர் முதல்லயே இறங்குவார், இன்னொருத்தர் 70-வது நிமிஷத்துல உள்ள போவார், மூணாவது ஆளை விங்ல போட்டுப் பார்ப்பாங்க. கோல்கீப்பருக்கு இந்த வழியெல்லாம் கிடையாது. இருக்கிறதே ஒரு இடம். அங்க நிக்கிறவருக்கு அடிபடணும், ரெட் கார்டு விழணும், இல்ல வரிசையா நாலு மேட்ச் சொதப்பணும். அப்பதான் அடுத்தவருக்குக் கதவு திறக்கும்.

[திரையில்: இங்கிலாந்து லீக்குகளின் படிநிலை]

இங்கிலாந்தை எடுத்துக்குவோம். ப்ரீமியர் லீக்குக்குக் கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூன்னு மூணு டிவிஷன். ஒவ்வொண்ணுலயும் 24 கிளப். அதுக்கும் கீழ நேஷனல் லீக். லீக் டூ கிளப் ஒண்ணுக்கு சீசன்ல 46 லீக் மேட்ச். முதல் கோல்கீப்பர் நல்ல உடம்போட இருந்தா அத்தனையும் அவரே ஆடிருவார். ரெண்டாவது கோல்கீப்பர் ஆகஸ்ட்ல இருந்து மே வரைக்கும் பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பார்.

சும்மா உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுராதீங்க. சனிக்கிழமை மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடி அவர் படுற பாட்டைப் பாருங்க. முதல் கோல்கீப்பர் கிளவுஸ்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சுக்கிட்டு கோல்ல நிப்பார். உள்ளங்கையில இருக்கிற லேடெக்ஸ் காஞ்சு கிடந்தா பந்து வழுக்கும், ஈரம் இருந்தாதான் ஒட்டும். அவருக்கு எதிர்ல நின்னு பந்தை உதைச்சு உதைச்சுக் கொடுக்கிறது யாரு? இந்த ரெண்டாவது கோல்கீப்பரும் கோல்கீப்பிங் கோச்சும்தான். யாரோட இடம் தனக்கு வேணுமோ, அவரையே நல்லா ஆட வைக்கிறது இவரோட வாராந்திர வேலை. இந்த விளையாட்டுலயே ரொம்ப விசித்திரமான உறவு இதுதான்னு எனக்குத் தோணும்.

[திரையில்: லீக் டூ மேட்ச், கார்னர் கிக்]

சரி, பெரிய கிளப்புகள் தங்களோட இளம் கோல்கீப்பர்களை எதுக்குக் கீழ் டிவிஷனுக்கு லோன்ல, அதாவது தற்காலிகமா இன்னொரு கிளப்புக்கு ஆட அனுப்புறாங்க? காரணம் இந்தக் காட்சியில இருக்கு. பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆள் கோல்கீப்பரோட கால் விரல் மேலயே நிக்கிறான். இன்னொருத்தன் முழங்கையால இடுப்புல இடிக்கிறான். பந்து ஆறு கெஜப் பெட்டிக்குள்ள இறங்குது. வெளிய வந்து குத்தணுமா, லைன்லயே நிக்கணுமா? முடிவெடுக்க அரை வினாடிதான். கிளப்போட இளைஞர் பயிற்சிப் பள்ளியான அகாடமி மேட்ச்கள்ல இந்த அளவு நெருக்கடி கிடையாது. அதோட இங்க தோத்தா பக்கத்துல நிக்கிற டிஃபெண்டருக்கு வின் போனஸ் போயிரும். அந்த டிஃபெண்டர் உங்களைத் திட்டுற விதமே வேற மாதிரி இருக்கும்.

இங்கிலாந்துக்கு ஆடின கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு வந்த பாதையே இதுதான். சண்டர்லேண்ட் கிளப் அவரை டார்லிங்டன், ஆல்ஃப்ரெட்டன், பர்ட்டன், கார்லைல், பிராட்ஃபோர்டு, பிரெஸ்டன்னு ஆறு இடத்துக்கு லோன்ல அனுப்புச்சு. டார்லிங்டன் போனப்ப அவருக்கு வயசு 17, அந்தக் கிளப்போ கடன்ல மூழ்கிக்கிட்டு இருந்துச்சு. 2018 உலகக் கோப்பையில கொலம்பியாவோட பெனால்டியைத் தடுத்த கை அங்கெல்லாம் பழகுன கை.

ஆனா பிக்ஃபோர்டு மாதிரி மேல வர்றவங்க கொஞ்சம் பேர்தான். மிச்சப் பேர் கதை ஜிம்மி கிளாஸ் கதை மாதிரி இருக்கும்.

[திரையில்: 8 மே 1999, கார்லைல் மைதானம் பிரண்டன் பார்க்]

1999. கார்லைல் யுனைடெட்டுக்கு சீசன் கடைசியில கோல்கீப்பரே இல்லாத நிலைமை. இருந்தவரை வித்துட்டாங்க, லோன்ல வந்தவரை அவரோட கிளப் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. வீரர்களை மாத்திக்கிறதுக்கான டிரான்ஸ்ஃபர் கெடு முடிஞ்ச பிறகு தனி அனுமதி வாங்கி, ஸ்விண்டன்ல இடம் கிடைக்காம இருந்த கிளாஸைக் கொண்டு வந்தாங்க. அவர் கார்லைலுக்கு ஆடினது மொத்தம் மூணு மேட்ச். மூணாவது மேட்ச்தான் சீசனோட கடைசி. எதிரணி பிளிமத். ஜெயிச்சே ஆகணும், இல்லன்னா கடைசி இடத்துல முடிச்சு லீக்கை விட்டே வெளிய. ஸ்கோர் 1-1, இஞ்சுரி டைம் ஓடுது. கீழ போற ஆபத்துல இருந்த இன்னொரு கிளப் ஸ்கார்பரோ. அவங்க மேட்ச் முடிஞ்சு, தப்பிச்சுட்டோம்னு ரசிகர்கள் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க. இங்க ஒரு கார்னர். கிளாஸ் தன் கோலை விட்டுட்டு அந்தக் கோடிக்கு ஓடினார். ஹெட்டரை எதிரணி கோல்கீப்பர் தட்டிவிட, பந்து கிளாஸ் கால்லயே வந்து விழுந்துச்சு. கோல். கார்லைல் தப்பிச்சது, ஸ்கார்பரோ கீழ போச்சு.

இவ்வளவு செஞ்சவரைக் கார்லைல் வச்சுக்கிட்டாங்களா? இல்ல. லோன் முடிஞ்சு ஸ்விண்டனுக்குத் திரும்பினார். அப்புறம் சில கிளப்புகள், எங்கயும் நிலைக்கல. 27 வயசுல லீக் ஃபுட்பாலை விட்டார். பின்னாடி டாக்ஸியும் ஓட்டினார்.

இன்னைக்கும் அந்த லீக் விதிகள்ல கோல்கீப்பருக்கு மட்டும் தனி ஏற்பாடு இருக்கு: இருக்கிறவங்களுக்கு அடிபட்டா, டிரான்ஸ்ஃபர் சாளரம் மூடியிருந்தாலும் ஏழு நாள் அவசர லோன்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம். வியாழக்கிழமை போன் வரும், சனிக்கிழமை பேர் கூடத் தெரியாத டிஃபெண்டர்களுக்குப் பின்னாடி நின்னு கத்தணும்.

காண்ட்ராக்ட் விஷயம் சுருக்கமா: பெரும்பாலும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம், ஜூன் 30 அன்னைக்கு முடியும். யார் இருக்காங்க, யார் போறாங்கங்கிற பட்டியல் மே மாசமே வெளிய வரும். வீட்டு வாடகை, பிள்ளைங்க ஸ்கூல் எல்லாம் அந்தப் பட்டியலைப் பொறுத்துதான்.

இன்னொரு பாதையும் இருக்கு. கீழ வாராவாரம் ஆடுறதா, மேல போய் ஆடாம சம்பளம் வாங்குறதா? ப்ரீமியர் லீக்ல 25 பேர் கொண்ட அணியில உள்நாட்டுல பயிற்சி பெறாதவங்க 17 பேருக்கு மேல இருக்கக் கூடாது. அதனால அனுபவமுள்ள இங்கிலாந்து கோல்கீப்பர் ஒருத்தரை மூணாவது ஆளா வச்சுக்கிறது கிளப்புக்கு லாபம். டெர்பி கிளப்ல இருந்து 2019-ல மான்செஸ்டர் சிட்டி போன ஸ்காட் கார்சன் அங்க பல வருஷம் இருந்தார். முதல் அணிக்கு ஆடினது ரெண்டே மேட்ச். கேலி பண்றது சுலபம். ஆனா கீழ நாலு வருஷம் காண்ட்ராக்டுக்கு அலைஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டா, சிரிக்க மாட்டார்.

எதிர்த் திசையிலயும் ஆள் வந்திருக்காங்க. நிக் போப்பை 16 வயசுல இப்ஸ்விச் வேண்டாம்னு அனுப்பிருச்சு. பெரி டவுன்கிற சின்னக் கிளப்ல ஆடிக்கிட்டே பால் வண்டியில வேலை பார்த்தார். 2018-ல இங்கிலாந்து உலகக் கோப்பை அணியில இருந்தார். கோல்கீப்பர்கள் தாமதமாத்தான் பழுப்பாங்க, ஏன்னா இந்த வேலையில வேகத்தை விட எங்க நிக்கணும்ங்கிற கணக்கு முக்கியம்.

அதனாலயே கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கவும் முடியுது. ஒர்க்கிங்டன்ல ஆரம்பிச்சு கிளப் கிளப்பா சுத்தின ஜான் பர்ரிட்ஜ், 1995-ல மான்செஸ்டர் சிட்டிக்காக ப்ரீமியர் லீக்ல இறங்கினப்ப அவருக்கு வயசு 43. அந்த லீக்ல ஆடினவங்கள்லயே மூத்தவர் அவர்தான். அந்த வாய்ப்பும் முதல் கோல்கீப்பருக்கு அடிபட்டதால வந்ததுதான்.

பலர் அதுக்கப்புறம் கோல்கீப்பிங் கோச் ஆயிருவாங்க. சின்னக் கிளப்புகள்ல அவங்க பேரையே வீரர் பட்டியல்லயும் பதிஞ்சு வைப்பாங்க. ரெண்டு கோல்கீப்பருக்கும் ஒரே வாரத்துல அடிபட்டா, கோச் கிளவுஸை மாட்டிக்கிட்டு பெஞ்ச்ல போய் உட்காரணும்.