ஆறிய டயரில் அடிக்கும் காற்று

வணக்கம், நேயர்களே. பஸ் பணிமனை ஒன்றின் டயர் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கார் டயருக்கு வீட்டிலேயே காற்றடிக்க எதை வாங்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். "இதற்கெல்லாமா வானொலியில் நேரம் தருகிறார்கள்?" என்று என் மனைவி கேட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று முப்பந்தலில் எத்தனை காற்றாலைகளைச் சுழற்றுகிறது, அதில் ஒரு குடம் காற்றை டயருக்குள் அடைக்க நாம் படுகிற பாடு பேச வேண்டிய விஷயம்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் காருக்குக் கடைசியாகக் காற்றடித்தபோது டயர் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? பெரும்பாலானவர்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இது ஒரு பித்து. வீட்டுக்கு யார் காரில் வந்தாலும் வாருங்கள் என்று சொல்லுமுன் டயரைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன்சக்கரத்துக்கு இவ்வளவு, பின்சக்கரத்துக்கு இவ்வளவு என்று அதில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 வரை ஏதோ ஓர் எண். காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு அது; பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பார்கள், நாம் பவுண்டு என்போம். அந்த எண் ஆறிய டயருக்கு உரியது. வண்டி 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடியிருந்தாலும் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டியிருக்கக் கூடாது.

எங்கள் திருவட்டார்ப் பக்கத்துச் சாலைகள் உங்களுக்குத் தெரியும். ஏற்றம், இறக்கம், நூறு அடிக்கு ஒரு வளைவு. பெட்ரோல் பங்க் போய்ச் சேருவதற்குள் டயர் சூடேறி, உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி, அழுத்தம் மூன்று நான்கு பவுண்டு கூடிவிடும். அங்கே 33 காட்டும். போதும் என்று திரும்பிவிடுவீர்கள். மறுநாள் விடியற்காலையில் அளந்தால் 29தான். இரவில் யாரும் காற்றைத் திருடவில்லை. நேற்றே அவ்வளவுதான் இருந்தது. பங்கில் காற்று இலவசம்தான். காசு மிச்சம் என்பதற்காக வீட்டில் அடிக்கச் சொல்லவில்லை. ஆறிய டயர் கிடைக்கிற இடம் உங்கள் வீட்டு முற்றம், அதற்காகத்தான்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று சொல்கிறேன். நம் மரத்துப் பாலில் ஆகிற ரப்பருக்கு வலு உண்டு, இழுவை உண்டு. பஸ், லாரி டயர்களில் அது இல்லாமல் முடியாது. ஆனால் காற்றை அடைத்துவைக்க அதற்குத் தெரியாது. நைசாகக் கசிய விட்டுவிடும். பழைய சைக்கிள் டியூப் அடிக்கடி இறங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். டியூப் இல்லாத கார் டயரின் உட்புறத்தில் பியூட்டைல் வகைச் செயற்கை ரப்பரை ஒரு படலமாக ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் முழுக் காவல் இல்லை. ஆணி எதுவும் ஏறாமலேயே மாதத்துக்கு ஒரு பவுண்டு போல இறங்கும்.

பார்த்தாலே தெரியாதா என்பீர்கள். தெரியாது. இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரரை எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். வாடகைச் சைக்கிளை எடுக்குமுன் பெருவிரலால் டயரை ஓர் அழுத்து அழுத்துவார். "இன்னும் பத்து அடி அடி, மக்களே" என்பார். நான் பம்பின்மேல் ஏறி விழுந்து அடிப்பேன். மறுபடி பெருவிரல். "போதும்." அந்த விரலைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். பணிமனையில் விரல் செல்லாது. பஸ் டயரில் நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும். அங்கே இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்போம். டங் என்றால் சரி, தொப் என்றால் காற்று இல்லை. அந்தச் சத்தத்தில் எனக்குப் பெரிய பெயர். "அண்ணன் தட்டினால் போதும்" என்பார்கள்.

புதிதாக ஒரு பயிற்சியாளன் வந்தான். அவன் கையில் எப்போதும் காற்றழுத்தம் அளக்கிற ஒரு கேஜ். "அண்ணே, ஆறு டயரைத் தட்டிச் சொல்லுங்கள், நான் அளந்து பார்க்கிறேன்" என்றான். தோற்றவர் பிரிவில் எல்லாருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. நான் தட்டினேன், ஆறும் சரி என்றேன். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கிற டயர் 30 பவுண்டு குறைவு! வெளி டயர் சுமையைத் தாங்கிக்கொண்டு உள் டயரின் குறையை மறைத்திருக்கிறது. என் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. பதினொரு பேர். பழம்பொரிக் காசு போனதுகூடப் பெரிதில்லை. அந்த டயரோடு எத்தனை நாள் அந்த பஸ் மலைக்குப் போய்வந்ததோ என்று நினைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. குறைந்த காற்றில் ஓடுகிற டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் வெடிக்கும்.

நூறு பவுண்டு பஸ் டயரிலேயே இப்படி. கார் டயர் எட்டுப் பத்துப் பவுண்டு குறைந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். எனவே பம்பு வாங்குவதற்கு முன் தனியாக ஒரு கேஜ் வாங்குங்கள். பம்போடு வருகிற கேஜை நம்பி இருக்காதீர்கள்; மலிவான பம்பில் முதலில் பொய் சொல்வது அதுதான். இன்னொன்று. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற எண்ணைப் பார்த்துக் காற்றடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான எண் கதவுத் தூணில்தான் இருக்கிறது. கதவுத் தூண், மறந்துவிடாதீர்கள்.

இனி பம்பு. கால் பம்பைக் கிழவர்களின் சாமான் என்று ஒதுக்காதீர்கள். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். சின்ன கார் டயருக்குள் 25 முதல் 30 லிட்டர் இடம் இருக்கும். நாலு பவுண்டு ஏற்ற, வெளிக்காற்றில் ஏறத்தாழ 8 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். அரை லிட்டர் குழாய் உள்ள பம்பானால் கணக்குக்கு 16 மிதி. கசிவு, அரைகுறை மிதி எல்லாம் சேர்த்து 25 என்று வையுங்கள். நான்கு சக்கரமும் அப்படி இறங்கியிருந்தால் நூறு மிதி. வாங்கும்போது மிதிக்கும் கட்டை நேராக இறங்குகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கடையிலேயே வைத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். முற்றாக இறங்கிய டயருக்கும் சொல்ல மாட்டேன்; இருநூறு மிதி ஆகும்.

அடுத்தது காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற 12 வோல்ட் கம்ப்ரசர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். பெட்டியில் 150 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது 33. அந்த எண்ணை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்பதைப் பாருங்கள். வயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் திருப்பிக் கொடுக்க வந்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். வேண்டிய எண்ணை வைத்தால் தானே நிற்கிற வகை நல்லது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் சிறிய மோட்டார் வெந்துவிடும், ஆற விடுங்கள். குழாய் நுனியில் இருக்கிற பித்தளையும் சுடும், விரல் பத்திரம். எஞ்சினை ஓட விட்டு அடித்தால் பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகை ஆளைக் கொல்லும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற, தொட்டி வைத்த பெரிய கம்ப்ரசர், நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு. நம் ஈரக் காற்றில் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அவ்வப்போது திருகைத் திறந்து வடிக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். பழம்பொரியில் நேரம் போய்விட்டது.

சார்ஜ் ஏற்றுகிற கை பம்பைப் பற்றி நிறைய எழுதி வந்தேன். சுருக்கமாகச் சொன்னால், வசதியானது, இலேசானது. ஆனால் தேவைப்படுகிற அன்று சார்ஜ் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கிற காருக்குள் போட்டு வைத்தால் அதன் பேட்டரி சீக்கிரம் கெடும். வீட்டுக்குள் வையுங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் வால்வுக்கு இரும்பு, அலுமினிய மூடி போடாதீர்கள். உப்புக் காற்றில் இறுகிப்போய்த் திருகவே வராது. பிளாஸ்டிக் மூடி போதும். மூடியை மாட்டுமுன் வால்வு நுனியில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் கசிவு.

கடைசியாக ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி என்ற தெருவில் பிறந்த பெயர் அது, அந்தக் கதைக்கு இப்போது நேரமில்லை. சில கார்களில் அது மெலிந்த தற்காலிகச் சக்கரமாக இருக்கும். அதற்கு 33 போதாது, பெரும்பாலும் 60 வேண்டும். அதன் மேலேயே எழுதியிருக்கும். நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன் பின்கதவைத் திறந்து அதையும்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.