சிகிச்சை அறைக்குள் சொன்ன சொல்

நண்பர்களே, பாலியல் குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடலாமா என்று கேட்டால், உங்களில் பலர் கூடவே கூடாது என்பீர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அமெரிக்காவில் சில வழக்குகளில் அப்படி விடுகிறார்கள். விடும்போதே சிகிச்சைக்கும் நீதிமன்றம் உத்தரவிடுகிறது. அந்தச் சிகிச்சை பலன் தர என்ன வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கலிபோர்னியாவைப் பார்ப்போம். 2010-ல் சான் டியாகோவில் 17 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். கொன்றவன் ஏற்கெனவே பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்று வந்தவன். அதே ஆண்டு சட்டத்தை இறுக்கினார்கள். பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் ஏற வேண்டியவன் கண்காணிப்பில் விடப்பட்டால், சான்று பெற்ற திட்டத்தில் குறைந்தது ஓராண்டு சிகிச்சை பெற வேண்டும். தேவைப்பட்டால் கண்காணிப்புக் காலம் முழுக்க. வசதி இருந்தால் செலவும் அவனுடையதே.

முதலில் மதிப்பீடு. ஸ்டாட்டிக்-99ஆர் என்ற அளவுகோலில் 10 கேள்விகள்: வயது என்ன, முன்பு என்னென்ன குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா, இப்படி. இதில் பெரும்பாலானவை இனி மாற்ற முடியாத பழைய விவரங்கள். அவன் எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறான் என்று இது சொல்லும். நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்லாது. அதற்கு அவனே வாய் திறக்க வேண்டும். அதனால்தான் சிகிச்சையாளர், நன்னடத்தை அலுவலர், பொய் கண்டறியும் சோதனை நடத்துபவர் மூவரும் சேர்ந்து இயங்குகிறார்கள்.

சிக்கலே இங்கேதான். யாருக்கும் தெரியாத பழைய குற்றத்தை அவன் சிகிச்சையில் சொன்னால், அதை வைத்தே புது வழக்கு போடலாமா? போடலாம் என்றால் எவன் சொல்வான்?

கன்சாஸ் மாநிலச் சிறை ஒன்றின் சிகிச்சைத் திட்டம், சொன்னதை வைத்து வழக்கு போட மாட்டோம் என்ற பாதுகாப்பைத் தரவில்லை. 2002-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ஏற்றது. சிகிச்சை பெறாதவர்களில் 80 விழுக்காடு வரை மீண்டும் குற்றம் செய்வதாக ஒரு மதிப்பீட்டை நீதிபதி கென்னடி அதில் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணின் வேரைத் தேடிப் போனவர்கள், 1986-ல் வந்த ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகைக் கட்டுரையில் போய் நின்றார்கள். ஆதாரம் எதுவும் அதில் காட்டப்படவில்லை. 1994-ல் விடுதலையான பாலியல் குற்றவாளிகள் 9,691 பேரை அரசே மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தபோது, பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதானவர்கள் 5.3 விழுக்காடு. புகாரே ஆகாத குற்றங்கள் ஏராளம், மறுக்கவில்லை. அதற்காக ஆதாரமில்லாத எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

2017-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வேறு வழி கண்டது. கண்காணிப்பில் இருப்பவன் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லியே ஆக வேண்டும். மறுத்தால் கண்காணிப்பு ரத்தாகி அவன் சிறைக்குப் போகலாம். ஆனால் கட்டாயத்தின் பேரில் சொன்னதை அவன்மீது குற்றவியல் வழக்கில் பயன்படுத்தக் கூடாது. சிகிச்சையாளர் அதை அலுவலரிடமும் சோதனை நடத்துபவரிடமும் மட்டுமே பகிரலாம். குற்றவாளிக்குக் காட்டிய சலுகை என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வயதுக் குழந்தையைத் தேடுகிறான், எப்படி நெருங்குகிறான் என்று தெரிந்தால்தான் அலுவலர் அவனை எங்கே போகவிடக் கூடாது என்று முடிவெடுக்க முடியும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றுவது அந்தத் தகவல்தான்.

அதனால் சட்டம் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளை நீங்கள் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து இப்படி ஓர் உத்தரவு போட நேர்ந்தால், இந்தப் பாதுகாப்பை உத்தரவிலேயே எழுதுங்கள். அன்றைக்கே, அவனுக்குப் புரியும் மொழியில், வாய்விட்டும் சொல்லுங்கள்.