மேற்கோள் கணக்கும் மரியன்தால் கிராமமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையையும் ஓய்வையும் ஆராய்ந்த ஒரு சமூகவியலாளரின் தாக்கத்தை எப்படி அளப்பது? அவர் எழுத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் இன்றைய வழக்கம். நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று எங்கே போனாலும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். அதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரியாவில் பிறந்த சமூக உளவியலாளர் மரீ யஹோடாவின் கதையைக் கேட்டால் ஏன் என்று உங்களுக்கே புரியும்.

1930 வாக்கில் வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளரும், யஹோடா உள்ளிட்ட அவருடைய இளம் சகாக்களும், தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய நினைத்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவுவரிடம் போய்ச் சொன்னார்கள். ஊரெல்லாம் வேலையில்லாமல் தவிக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று அவர் கடிந்துகொண்டு, வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற ஆலைக் கிராமத்துக்குப் போகச் சொன்னார். அங்கே நெசவாலையை மூடிவிட்டிருந்தார்கள். 478 குடும்பங்கள்; பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

வேடிக்கை பார்க்க மட்டும் யாரும் அந்த ஊருக்குள் போகக்கூடாது, ஊருக்கு உதவும் ஒரு வேலையோடுதான் போகவேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதனால் துணி கொடுத்தார்கள், இலவச மருத்துவம் பார்த்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். அப்புறம், கையில் கடிகாரத்தோடு மறைவாக நின்று, தெருவில் போகிறவர்களின் நடையை அளந்தார்கள். வேலை இழந்த ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள். வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்குச் சமையலும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்கள் பொழுது கரைந்துபோகவில்லை. நூலகத்தில் நேர்ந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் நேரமும் நிறைய இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அன்றைய பொழுதை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஒருவர் எழுதிய தாள் இன்றும் பேசப்படுகிறது. காலையில் எழுந்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பினார், விறகும் தண்ணீரும் கொண்டுவந்தார். என்ன சமைக்கட்டும் என்று மனைவி கேட்பாள், அந்தக் கேள்விக்குப் பயந்து வெளியே போய்விட்டார். பத்து முதல் பதினொன்று வரை: அதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எதுவுமே எழுதவில்லை. வேலை இருந்தால்தான் ஓய்வுக்கு அர்த்தம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சான்றை நான் பார்த்ததில்லை.

இந்த ஆய்வைப் புத்தகமாக்கினார்கள். அதன் முக்கியப் பகுதியை எழுதியபோது யஹோடாவுக்கு வயது 25 இருக்கும். 1933இல் லைப்சிக் நகரில் அது வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் முகப்பில் அவர்கள் பெயரே இல்லை. 1936இல் யஹோடா கைதானார். அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு இங்கிலாந்து போனார். புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது 1971இல். சமூக அறிவியலுக்கென்று மேற்கோள்களை முறையாகத் தொகுக்கத் தொடங்கியதே 1970களில்தான். பெயரில்லாத ஒரு ஜெர்மன் நூலை முதல் நாற்பது ஆண்டுகளில் யார், எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்?

ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை ஒரே எண்ணில் சொல்லும் எச் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு பத்து. சரி, ஒரே ஒரு புத்தகத்தை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினால்? ஒன்றுதான்.

லாசர்ஸ்ஃபெல்ட் பின்னாளில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனோடு பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் அதை முதலில் சொன்னவரின் பெயர் உதிர்ந்துபோகும் என்று விளக்கியவர் அந்த மெர்ட்டன்தான். யஹோடா 1982இல் எழுதிய நூலில், வேலை சம்பளத்தோடு ஐந்து விஷயங்களையும் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனித உறவு, பொது நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகச் செய்யவேண்டிய செயல். இன்று வேலையின்மையைப் பற்றிப் பேசுகிற எத்தனையோ பேர் அவர் பெயரைக் கேள்விப்படாமலே இதைத்தான் சொல்கிறார்கள். அது மேற்கோள் பட்டியலில் ஏறாது.

2020இல் ஆஸ்திரிய அரசின் வேலைவாய்ப்புத் துறை மரியன்தால் இருக்கும் அதே ஊராட்சியில் ஒரு திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருந்த எல்லோருக்கும் சம்பளத்தோடு வேலை. விருப்பம் உள்ளவர்கள் சேரலாம் என்று இருந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டபோது வருமானத்தை மட்டும் பார்க்கவில்லை. சேர்ந்தவர்களின் நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்ததா, மனிதர்களோடு பழக்கம் கூடியதா என்று யஹோடாவின் அளவுகோல்களையும் வைத்து அளந்தார்கள். கூடியிருந்தது.

நன்றி, வணக்கம்.